ஜூலை முதலாம் திகதியும் தாது வருடமும்

ஜூலை முதலாம் திகதி பிக்கரிங்கில் நம்மவர் நடத்தும் கனடா நாள் கூட்டம் ஒன்றுக்குப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒழுங்கு மாறுவதில்லை. முதலில் தேசிய கீதம். பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு நில ஒப்புகை. இந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்று சொல்லும் அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்க ஒரு பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள். பிள்ளை ஒரே மூச்சில் வாசித்து இறங்கும். அதற்குள் பெரியவர்கள் கொத்துரொட்டி வரிசை எவ்வளவு நீளம் என்று எட்டிப் பார்த்து முடித்திருப்பார்கள். அதன் பிறகு ஒருவர் பேசுவார்.

போன முறை பேசியவர் நல்ல பேச்சாளர். அவர் சொன்னதன் சாரம் இது: கனடா எங்களை வாழவைத்த நாடு. பூர்வகுடிகளுடன் அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆனால் அது வெள்ளைக்காரர் எழுதிய கணக்கு, அவர்களே தீர்க்கட்டும். நாங்கள் 1983க்குப் பிறகு வந்தவர்கள். எங்கள் சரித்திரம் வேறு, கனடாவின் சரித்திரம் வேறு. எங்கள் வேலை நன்றி சொல்வது.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கைதட்டல் உள்ளங்கையில் உறுத்தத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு என் மறுப்பு. பேச்சாளரின் மீது எனக்குக் கோபமில்லை. நாங்கள் எல்லோரும் முப்பது நாற்பது வருடங்களாகச் சொல்லிவருவதைத்தான் அவர் அழகாகச் சொன்னார். ஆனால் சொன்னது பிழை. பிழை என்பதற்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையை மட்டுமே சாட்சியாக வைக்கிறேன். அவர் தமிழரல்ல. கனடியரும் அல்ல. அவருடைய பெயரைச் சென்னைக்குப் போய் வந்த எல்லோரும் ஒருமுறையாவது உச்சரித்திருப்பார்கள்.

பக்கிங்காம்.

இலண்டனில் இருக்கும் அரண்மனைக்கும் இவருக்கும் தொடர்பில்லை. சென்னை நகரின் நடுவே கறுப்பாய் நாறிக் கிடக்கும் கால்வாய்க்குத்தான் தொடர்பு. பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே நாட்டப்பட்டிருக்கின்றன. அதன் பெயருக்கு உரியவர் பக்கிங்காம், சாண்டோஸ் என்ற இரட்டைப் பட்டத்தின் மூன்றாவது கோமகன், ரிச்சர்ட் டெம்பிள் கிரென்வில். 1823இல் பிறந்து 1889இல் இறந்தவர். விக்டோரியா காலத்து மேட்டுக்குடி அரசியல்வாதி என்றால் எப்படி இருப்பார் என்று கேட்பவருக்கு இவரைக் காட்டினால் போதும்.

ஈட்டன் பள்ளி, ஒக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி. 22 வயதில், 1846இல், குடும்பச் செல்வாக்கு ஓங்கியிருந்த பக்கிங்காம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம். ஸ்டோ என்ற மாளிகையில் அவருடைய தந்தை நடத்திய ஆடம்பரம் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் கடனாக வளர்ந்து, 1848இல் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அந்த ஏலம் 40 நாட்கள் நடந்தது. குடும்பச் சொத்தில் ஜமெய்க்காவின் 'ஹோப்' கரும்புத் தோட்டமும் ஒன்று. பாட்டி வழியில் வந்தது. அடிமைகளின் உழைப்பில் ஓடிய தோட்டம். இவ்வளவும் இருந்தும் குடும்பம் முறிந்தது.

முறிந்த வீட்டின் மகன் சோம்பேறியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1853 முதல் 1861 வரை இங்கிலாந்தின் பெரிய ரயில் கம்பனிகளில் ஒன்றான லண்டன் அண்ட் நோர்த் வெஸ்டேர்ன் கம்பனிக்குத் தலைவராக இருந்தார். பின்னாளில் தன் பண்ணைக்குள் சொந்தமாக ஒரு சிறு ரயில் பாதையே போட்டார். தந்தை இறந்த 1861இல் கோமகன் ஆனார். 1866இல் அமைச்சரவைக்குள் போனார். ஆள் உழைப்பாளி, கணக்குத் தெரிந்தவர், கடனை அடைக்கத் தெரிந்தவர். இனி நான் சொல்லப்போவது ஒரு அரக்கனின் கதை அல்ல என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அரக்கனின் கதையாக இருந்தால் நாங்கள் சுலபமாகத் தப்பிவிடலாம்.

1867 மார்ச் மாதம் இலண்டனில் மூன்று அமைச்சர்கள் பதவி விலகினார்கள். உழைக்கும் ஆண்களில் கூடுதலானோருக்கு வாக்குரிமை கொடுக்கும் சட்டம் வரப்போகிறது, அது ஆபத்து என்பது அவர்கள் கொள்கை. விலகியவர்களில் ஒருவர் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் கார்னர்வன் பிரபு. கனடாவை ஒரே நாடாக்கும் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் விட்டுப்போன நாற்காலியில் அமர்ந்தவர் எங்கள் கோமகன். அந்த மாதம் 29ஆம் திகதி சட்டத்துக்கு அரசியின் ஒப்புதல் கிடைத்தது. மே மாதம் பிரகடனம். ஜூலை முதலாம் திகதி கனடா பிறந்தது. பிக்கரிங் பூங்காவில் நாங்கள் பலூன் கட்டும் அந்த நாளில், அந்தப் பொறுப்பான நாற்காலியில் இருந்தவர் பக்கிங்காம் கோமகன்.

சட்டத்தை வடித்தவர் அவரல்ல. அதை அவர் தலையில் கட்டமாட்டேன். ஆனால் பிறந்த குழந்தையை அடுத்த ஒன்றே முக்கால் வருடம் கையில் வைத்திருந்தவர் அவர். அந்தக் காலத்தில் நடந்த இரண்டு காரியங்கள் எங்களுக்கு முக்கியம்.

முதலாவது, நோவா ஸ்கோஷியா. புதிய கூட்டாட்சி தங்களைக் கேட்காமல் செய்யப்பட்டது என்று அந்த மாகாணத்து மக்கள் கொதித்தார்கள். 1867 செப்டெம்பர் தேர்தலில் மத்திய நாடாளுமன்றத்துக்கான 19 இடங்களில் 18ஐக் கூட்டாட்சியை எதிர்த்தவர்கள் வென்றார்கள். ஜோசப் ஹோ என்ற தலைவர் அந்த ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு 1868இல் இலண்டனுக்குப் போனார். எங்களைப் போகவிடுங்கள் என்று கேட்டார். முடியாது என்று கோமகனின் பதில் வந்தது. அடுத்த வருடம் ஹோ ஒட்டாவா அமைச்சரவையிலேயே ஓர் இடத்தை ஏற்றுக்கொண்டார்.

18 என்ற எண்ணைப் படித்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்ற இடங்கள் 18. எண் ஒற்றுமை தற்செயல்தான். நோவா ஸ்கோஷியாவில் யாரும் யாரையும் தெருவில் எரிக்கவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் தேர்தலில் கிடைத்த ஆணையுடன் தூர தேசத்து அதிகாரத்தின் கதவைத் தட்டி, வெறுங்கையுடன் திரும்புவது என்றால் என்னவென்று இந்த நாட்டின் முதல் வருடத்துக்கே தெரியும். எங்கள் சரித்திரம் வேறு, கனடாவின் சரித்திரம் வேறு என்கிறவர்கள் கனடாவின் முதல் அத்தியாயத்தையே புரட்டவில்லை.

இரண்டாவது, ரூபர்ட்ஸ் லாண்ட். ஹட்சன் பே கம்பனி தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்த மேற்கின் பெருநிலம். அதைக் கனடாவுக்கு மாற்றிக்கொடுக்க வழிசெய்த சட்டம் 1868இல், கோமகனின் காலத்தில் நிறைவேறியது. அங்கே வாழ்ந்த கிறீ, மெற்றி மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரு கம்பனியிடமிருந்து ஓர் அரசு வாங்கிக்கொண்டது. வாங்கிய நிலத்தில் பிறகு என்ன நடந்தது என்பதற்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன் கோமகனுடன் கப்பலேறி நாங்கள் சென்னைக்குப் போக வேண்டும்.

1875 நவம்பரில் அவர் சென்னை மாகாண ஆளுநராகப் பதவியேற்றார். அடுத்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழில் அந்த வருடத்தின் பெயர் தாது. பஞ்சத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், கோயம்புத்தூர் என்று நிலம் வெடித்துக்கொண்டே தெற்கே இறங்கியது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள், அரசாங்கத்தின் சொந்தக் கணக்கிலேயே, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல். பின்னாளைய ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் இன்னும் உயரத்துக்குப் போகின்றன.

கோமகன் என்ன செய்தார்? தொடக்கத்தில் சரியானதைச் செய்தார். 1876 இறுதியில் சென்னை அரசாங்கம் ஒரு வணிக நிறுவனம் வழியாக ஓசைப்படாமல் 30,000 தொன் தானியம் வாங்கியது. வைசிராய் லிட்டன் சினந்தார். சந்தையில் அரசாங்கம் கைவைக்கலாமா? தானியம் விலையைத் தேடித் தானே வரும், விடுங்கள் என்பது அன்றைய வேதம். தானியம் வந்தது உண்மைதான். சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருந்தார்கள். அதன் படங்கள் இன்றும் இருக்கின்றன. அதை வாங்கக் காசு இல்லாதவர்கள் அதே நகரத்தின் தெருக்களில் செத்தார்கள். ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி எடுத்த வேறு படங்களும் இருக்கின்றன. விலா எலும்புகளை எண்ணக்கூடிய மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருளாதாரம் படிக்கவேண்டிய அவசியமில்லை.

1877 ஜனவரி முதலாம் திகதி டெல்லியில் தர்பார். விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்த விழா. தன் மாகாணம் சாகத் தொடங்கியிருந்த நேரத்தில் கோமகன் அதற்குப் போனார். அதே மாதம் லிட்டன் அனுப்பிய சேர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்த டெம்பிள் 1874இல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகச் செலவழித்து மக்களைக் காப்பாற்றியவர். காப்பாற்றியதற்காகவே ஊதாரி என்று திட்டு வாங்கியவர். அந்தப் பழியைக் கழுவ அவருக்குக் கிடைத்த இடம் தமிழர், தெலுங்கர், கன்னடர் வயிறு. நிவாரண வேலையில் மண் சுமக்கும் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் கைச்செலவுக்குச் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு இறாத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் டொக்டர் கோர்னிஷ் மட்டும் விடாமல் எழுதினார். இந்த அளவில் வேலையும் செய்தால் மனிதன் மெல்லச் சாவான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் சொல் எடுபட்டுக் கூலி உயர்த்தப்படுவதற்குச் சில மாதங்கள் ஆயின. பட்டினிக்குச் சில மாதம் என்பது மிக நீண்ட காலம். எங்களில் வன்னியில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

1877 ஆகஸ்டில் கோமகன் தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்தது. இங்கிலாந்து மக்களிடம் நேரடியாகப் பிச்சை கேட்டார்கள். 5 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. லிட்டனுக்கு இதுவும் பிடிக்கவில்லை. அவர் சென்னைக்கே வந்து, பஞ்ச நிர்வாகத்தை வேறு ஒரு தளபதியின் கையில் கொடுத்தார். கோமகன் ஆளுநராகவே தொடர்ந்தார். நிதிக்குழுவின் செயலாளர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர். அதற்கு முன் கொழும்பில் 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகையில் வேலை செய்தவர். அவர் எழுதிவைத்த இரண்டு தடித்த தொகுதிகள் இல்லாவிட்டால் இந்தக் கதையின் பாதி எங்களுக்குத் தெரியாது.

நிவாரண வேலை என்று ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு வெட்டியவற்றில் ஒன்று, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் கால்வாய். 1806 முதலே துண்டு துண்டாக இருந்த நீர்வழி அதனால் ஒன்றாயிற்று. 1878இல் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீற்றருக்கும் மேலான அந்த முழு நீர்வழிக்கும் ஆளுநரின் பெயரை வைத்தார்கள். ஒரு கூடை மண்கூடச் சுமக்காதவர் பெயர்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வரட்டும். கோமகன் நல்லவர்தானே, தானியம் வாங்கினாரே, பிச்சை கேட்டாரே, கெடுத்தவன் லிட்டன் அல்லவா என்பார்கள். சென்னையின் பழைய வரலாறுகளைப் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் இதையேதான் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் 1867க்குத் திரும்பிப் போங்கள். கோமகனுக்கு அமைச்சர் நாற்காலி எப்படிக் கிடைத்தது? வேறொருவர் கொள்கைக்காகப் பதவி விலகியதால் கிடைத்தது. அந்த வகுப்பாருக்குப் பதவி விலகத் தெரியும். ஏழைகளுக்கு வாக்கு அதிகமாகப் போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று பேர் விலகினார்கள். அந்த மூவரில் இன்னொருவர் கிரான்போர்ன். பின்னாளில் சோல்ஸ்பரி பிரபு. தாது வருடப் பஞ்சத்தின்போது இலண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் அவரேதான். ஏழைகள் இலட்சம் இலட்சமாகச் செத்தபோது கோமகன் விலகவில்லை, லிட்டன் விலகவில்லை, டெம்பிள் விலகவில்லை, சோல்ஸ்பரி விலகவில்லை. டெம்பிள் அதே வருடம் பம்பாய் ஆளுநரானார். லிட்டன் உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்று, பின்னர் பாரிசில் தூதரானார். சோல்ஸ்பரி பிரதமரானார். கோமகன் 1880இல் பத்திரமாக ஊர் திரும்பி, பிரபுக்கள் சபையின் குழுத் தலைவராக மரியாதையுடன் கண்மூடினார். ஆண்பிள்ளை இல்லாததால் கோமகன் பட்டம் அவரோடு அற்றுப்போனது. கால்வாயின் பெயர் நின்றுவிட்டது.

நல்ல மனம் படைத்த ஓர் அதிகாரி பெரிய அநியாயத்தின் நடுவில் தன் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த நல்ல மனம் அநியாயத்துக்கு எண்ணெய் போடுகிறது. இதை ஈழத்தவர் நாங்கள் பிறருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள். 2009இல் கண்டுகொள்ளாமல் இருந்த அதிகாரிகளைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினோம்! அதே அளவுகோலை 1877க்கும் வைப்போம்.

இனி, விட்டுவந்த மேற்குக்குத் திரும்புகிறேன். சென்னையில் மழை பொய்த்த அதே 1876இல் கனடாவின் சமவெளியில், கார்ல்ட்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும், ஆறாம் உடன்படிக்கை கையெழுத்தானது. கிறீ தலைவர்கள் வாதாடி அதில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். கொள்ளைநோயோ பஞ்சமோ வந்தால் அரசு உதவவேண்டும். எருமைக் கூட்டங்கள் அழிந்துகொண்டிருந்ததை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். சில வருடங்களில் பஞ்சம் வந்தது. அரசின் களஞ்சியங்களில் உணவு இருந்தது. ஒதுக்கிய நிலத்துக்குள் போய் அடங்கினால்தான் உணவு, வேலை செய்தால்தான் உணவு என்றது ஒட்டாவா. கையெழுத்திடமாட்டேன் என்று ஆறு வருடம் நின்ற பெரிய கரடி என்ற தலைவர், தன் மக்களின் பசி தாங்காமல் 1882 டிசம்பரில் பணிந்தார்.

தானியம் இருக்கிறது, பசியும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு விதி நிற்கிறது. வேலை செய், பிறகு தின். சென்னைக்கும் சஸ்கச்சவானுக்கும் ஒரே தத்துவம். ஒரே சாம்ராச்சியத்தின் ஒரே வகுப்பார் அதைத் தங்கள் பள்ளிக்கூடங்களில் கற்றுக்கொண்டு இரண்டு இடத்துக்கும் கொண்டுபோனார்கள். ஒரு கோமகனின் பணிப்பட்டியலில் 1868இல் அந்த நிலத்தைக் கைமாற்றும் சட்டம் இருக்கிறது. 1877இல் எங்கள் மொழி பேசியவர்களின் பட்டினி இருக்கிறது. இதற்குப் பிறகும் அது வெள்ளைக்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான கணக்கு என்று நாங்கள் ஒதுங்க முடியுமா? நாங்களும் அந்தக் கணக்கேட்டில் இருக்கிறோம். கடன் கொடுத்தவர் பக்கத்தில் இருக்கிறோம்.

அடுத்த மறுப்பு இன்னும் மெல்லிய குரலில் வரும். விழா மேடையில் சொல்லமாட்டார்கள், வீட்டு விறாந்தையில் சொல்வார்கள். தாது வருடம் இந்தியத் தமிழரின் கதை, நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்களுக்கு என்ன? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இந்தக் கேள்விதான்.

பஞ்சம் வந்த ஊர்களிலிருந்து பசித்தவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பெரும் பகுதி கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தது. தோணியில் தலைமன்னார், அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மாத்தளை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை வந்தபோது மலையைப் பச்சையாக்கியவர்கள் அவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1948இல் சுதந்திர இலங்கையின் முதல் நாடாளுமன்றம் அவர்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அதே வருடத்தில் எங்கள் தமிழ்க் காங்கிரஸ் அந்த அரசாங்கத்தில் போய்ச் சேர்ந்தது. அதைப் பொறுக்காமல் பிரிந்தவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து துரத்தப்பட்ட பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டி வாழ்ந்தார்கள். போர் முடியும்வரை முன்வரிசையில் செத்தவர்களில் அவர்களின் பிள்ளைகளும் உண்டு.

அவர்களை நாங்கள் என்ன பெயரால் அழைத்தோம்? தோட்டக்காட்டான். வடக்கத்தியான். பிக்கரிங்கிலும் அந்தச் சொற்கள் சாகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், இங்கேயே பிறந்தவள், படிப்பும் வேலையும் உள்ளவள். பையன் வீட்டார் இரண்டு முறை வந்து பேசி, எல்லாம் கூடிவரும் நேரத்தில் தகப்பனின் தகப்பன் எந்த ஊர் என்று கேட்டார்கள். கிளிநொச்சி என்றார்கள். அதற்கு முதல்? ஹற்றன். அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "மாமா, ஹற்றனுக்கு முதல் நாங்கள் எந்த ஊர் எண்டு எங்களுக்கே தெரியாதே. அதுவும் ஒரு குற்றமா?" அவள் ஊர் எது என்று சொல்லவேண்டிய தாத்தாவின் தாத்தா ஒருவேளை ஒரு இறாத்தல் கூலிக்கு மண் சுமந்த கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். அவர் பெயரை எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. கோமகனின் பெயரைத்தான் எழுதினார்கள்.

குலம் கேட்டு, ஊர் கேட்டு, மேட்டுக்குடி என்றால் கை கட்டுவது விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நோய் என்று நினைத்திருந்தேன். அந்த நோய் எங்கள் வீட்டு விறாந்தையிலும் இருக்கிறது. வெறும் பிறப்பினால் ஒருவர் 22 வயதில் நாடாளுமன்றம் போகும் உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். வெறும் பிறப்பினால் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் உலகத்தில் சம்பந்தம் பேசுகிறோம். 2023இல் மலையகத் தமிழர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குத் தங்கள் மூதாதையர் நடந்த வழியே நடந்தார்கள். இருநூறாவது ஆண்டு. இங்கே எத்தனை தமிழ் நிகழ்ச்சிகளில் அதற்கு ஒரு நிமிட இடம் கிடைத்தது?

இதெல்லாம் நன்றிகெட்ட பேச்சு என்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். நான் நன்றி கெட்டவன் அல்ல. விமான நிலையத்தில் எனக்கு ஒரு கோப்பை தேநீர் தந்த அலுவலரின் முகம் இன்றும் ஞாபகம். ஆனால் நன்றி மனிதருக்குச் சொல்வது. ஒரு நாட்டின் சரித்திரத்துக்கு நன்றி சொல்ல முடியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் முடியும். வாடகைக்கு இருப்பவர்தான் வீட்டுக்காரரின் குடும்பச் சண்டையில் எனக்கென்ன என்று இருப்பார். நாங்கள் வாக்களிக்கிறோம், வரி கட்டுகிறோம், நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். இனி வாடகைக் குரலில் பேசக்கூடாது.

பெயர்களை மாற்றுவதில் எனக்குப் பெரிய ஆவல் இல்லை. ரொறன்ரோவில் டண்டாஸ் வீதியின் பெயரை மாற்றுவதாக 2021இல் முடிவெடுத்து 2023இல் கைவிட்டதைப் பார்த்தோம். சென்னைக் கால்வாயின் பெயர் நாளைக்கே மாறினாலும் அதைத் தோண்டியவர்களின் பெயர் கிடைக்கப்போவதில்லை. நான் கேட்பது பலகை மாற்றத்தை விடச் செலவு குறைந்தது.

முதலாவது, எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் ஜூன் மாதக் கடைசிப் பாடம் 1867 ஆக இருக்கட்டும். கனடா பிறப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், அதே வருடம் மே 23ஆம் திகதி, வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். பசித்தவரிடம் எதையும் கேட்காமல் சோறு போட்டார். வேலை செய், பிறகு தின் என்ற தத்துவத்துக்கு எதிரான தத்துவம் தமிழில் அதே வருடத்தில் இருந்தது. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. இதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைக்கு 1867 ஒரு சொந்த வருடமாகும்.

இரண்டாவது, ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடுகிறோம். ஒன்ராறியோ 2014இல் சட்டமாக்கித் தந்த மாதம். அந்த மாதத்தில் பரதமும் பொங்கலும் இருக்கட்டும். மலையகத்துக்கும் தாது வருடத்துக்கும் ஒரு மாலை ஒதுக்குவோம். பேச அழைப்பதற்கு ஆட்கள் எங்கள் நடுவிலேயே, ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டு, இருக்கிறார்கள்.

மூன்றாவது, நில ஒப்புகையைத் தமிழில், பெரியவர் ஒருவர், நின்று நிதானமாகச் சொல்லட்டும். நாங்கள் நிற்கும் இந்த பிக்கரிங் நிலம் மிசிசாகா மக்களுடையது. 1780களில் ஒழுங்காக எழுதப்படாத ஒரு பேரத்தில் பறிபோய், 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்ற இன்னொரு பேரத்தில் வேட்டையும் மீன்பிடியும்கூடப் பறிக்கப்பட்டு, 2018இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு நூறு கோடி டொலருக்கு மேல் இழப்பீடு கொடுத்த நிலம். காணி உறுதி இல்லாமல் காணி பறிபோவது என்றால் என்ன என்று வலிகாமத்துக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. தமிழில் சொன்னால் போதும்.

வருகிற ஜூலை முதலாம் திகதியும் நான் போவேன். கொத்துரொட்டியும் சாப்பிடுவேன். பேச எனக்கு ஐந்து நிமிடம் தருவார்கள் என்றால் கோமகனைப் பற்றிப் பேசமாட்டேன். தொலைபேசி வராமல் போன அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்து, நில ஒப்புகையை அவளைக் கொண்டு தமிழில் வாசிக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு கைதட்ட விரும்புகிறவர்கள் தட்டட்டும்.